அண்டா மூடியும் ஐந்தாவது ஏனும்

குருமே
செப்டம்பர் 6

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

செப்டம்பர் பிறந்தும் தணியாத இந்த வெயிலில் தங்கள் உடல்நலம் எப்படியோ என்று உருகிக்கொண்டிருக்கிறேன். பாதி உருக்கம் கவலையால், மீதி என் அறை மின்விசிறி பழுதானதால். இங்கே நான் நலம், அம்மா நலம், கடையில் அண்டா நலம்.

நீங்கள் கட்டளையிட்ட மன்னிப்புக் கடிதம் இதுதான். ஆகஸ்டில் நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, குளிக்கப் போன பத்து நிமிடத்துக்குள் உங்கள் போனை எடுத்து, ‘வெப்பக் கவசம்’ என்று தட்டினால் அது தானாகவே ‘அண்டா மூடி’ என்று மாறும்படி செய்துவைத்தேன். மன்னியுங்கள். அதைக் கவனிக்காமல் உங்கள் விண்கலத் திட்டத்தின் நாற்பத்து மூன்று பேருக்கும், தலைவி மினகாவா அம்மையார் உட்பட, “சூரியனை நெருங்கும் கலத்துக்கு அண்டா மூடிதான் உயிர். மூடி வெள்ளையாக இருந்தால்தான் உள்ளே இருப்பது பிழைக்கும்” என்று அனுப்பிவிட்டீர்கள். அதற்கும் மன்னியுங்கள். ஆனாலும் அப்பா, அம்மாவின் ராமென் நூடுல்ஸ் கடையில் இருபது வருடமாக அடுப்பை விட்டு இறங்காத பன்றியெலும்புச் சாற்று அண்டாவைப் பார்த்த எவரும் அந்த வாக்கியத்தில் குற்றம் காண முடியாது.

தண்டனையை ஏற்கிறேன். மார்ச் மாத நுழைவுத் தேர்வு முடியும்வரை என் போன் சகமிஹாராவில் உங்கள் மேசை இழுப்பறையில் சிறையிருக்கும். உங்களோடு பேச வேண்டுமானால் கையால் எழுத வேண்டும். முதலில் பருவத்தைப் பற்றி ஒரு வரி, அடுத்து நலம் விசாரிப்பு, அப்புறம்தான் விஷயம். பதினைந்து வயதுப் பெண்ணை இப்படி வதைக்கலாமா என்று யாருக்காவது மனு எழுதலாமென்று பார்த்தேன். மனுவுக்கும் பருவ வாழ்த்து வேண்டுமாம்.

மன்னியுங்கள், மன்னியுங்கள், மன்னியுங்கள். இத்துடன் ஐந்து.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஒரே மகள் (அது உங்கள் அதிர்ஷ்டம்),
இபுகி


சகமிஹாரா
செப்டம்பர் 15

இபுகிக்கு,

சில்வண்டுகள் ஓய்ந்துவிட்டன. ஆய்வுக்கூடத்துப் புல்வெளியில் இரவுப்பூச்சிகள் பாடத் தொடங்கியிருக்கின்றன. நான் நலம். நீயும் அம்மாவும் நலந்தானே?

உன் கடிதத்தை மேசை விளக்கின் அடியில் வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அதில் ‘மன்னியுங்கள்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. சூடு பட்டால் மறையும் பேனாவை அந்த ஐந்து இடத்தில் மட்டும் பயன்படுத்தியிருக்கிறாய். உன் அப்பாவின் தொழிலே வெப்பம் என்பது உனக்கு மறந்துவிட்டது. அந்த மை அறுபது டிகிரியில் மறையும், உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரி போனால் திரும்பி வரும். கடிதத்தை உறைபெட்டியில் மீன் துண்டுகளுக்கு நடுவே வைத்தேன். காலையில் ஐந்தும் வந்துவிட்டன. உன் மன்னிப்பை உறைந்த நிலையில் ஏற்றுக்கொள்கிறேன்.

நான் ‘சூரியனுக்குக் குடை பிடிக்கிறவர்’ என்று வகுப்பில் சொன்னாயாம். அம்மா சொன்னாள். குடை சூரியனுக்கு அல்ல, கலத்துக்கு. கலத்தின் பெயர் ஹிகுருமா, சூரியகாந்திக்கு நம் பழம்பெயர். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. அது பூமிக்கு வந்துசேரும்போது எல்லாம் கலந்து போயிருக்கும். கிண்ணத்துச் சாற்றை ருசித்து, எந்த எலும்பு எப்போது அண்டாவில் விழுந்தது என்று உன் அம்மாவாலும் சொல்ல முடியாது. பக்கத்தில் போய் எட்டிப் பார்க்க வேண்டும். ஹிகுருமா எட்டிப் பார்க்கும். நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை நெருங்கி, ஏழு வருடம் சுற்றும். அங்கே வெயில் இருபத்தைந்து மடங்கு. கவசத்துக்கு முன்னால் இரும்பும் சிவக்கும், பின்னால் கருவிகள் நம் வீட்டுக் கூடத்துச் சூட்டில் வேலை செய்யும். இடையில் இருப்பது ஒரு சாண் தடிமன்.

வெள்ளைப் பூச்சு பூசிய பன்னிரண்டு தகடுகள் ஜூலையிலிருந்து சோதனை விளக்கின் கீழே இருக்கின்றன. அந்த விளக்கில் தொண்ணூறு நாள் என்பது அங்கே ஏழு வருட வெயில். அக்டோபர் முதல் வாரம் வெளியே எடுப்போம்.

ஒரு செய்தி. கூட்டக் குறிப்பிலேயே இப்போது ‘அண்டா மூடி’ என்றுதான் எழுதுகிறார்கள். நான் அல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


குருமே
செப்டம்பர் 27

அன்புள்ள உறைபெட்டி அப்பாவுக்கு,

ஆற்றங்கரையில் சிவப்பு லில்லிகள் வரிசையாக நிற்கின்றன, தேர்வறைக்கு வெளியே நிற்கும் நாங்கள் மாதிரியே முகம் சிவந்து. நலமா? நாங்கள் நலம்.

அப்பா, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பாடப் புத்தகத்தை இதுவரை எதையும் நான்கு முறை படித்ததில்லை. ஒரு சாண்! முன்னால் உலை, பின்னால் கூடம், நடுவில் என் கை அகலம். இதை வகுப்பில் சொன்னபோது கடைசி வரிசை ஹருமாசா, “திரும்பிட்டா என்னாகும்?” என்று கேட்டான். “யாரு, கலமா?” “ஆமா, கொஞ்சம் திரும்பிப் பாத்துச்சுன்னா?” என்ன ஆகும் அப்பா? எனக்குத் தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன்.

அம்மாவிடம் அண்டா உவமையைப் படித்துக் காட்டினேன். “எந்த எலும்பு எப்ப விழுந்துச்சுன்னு எனக்கா தெரியாது? மூணு வருஷமா தனியா உக்காந்து கடைச் சோறு சாப்பிடற ஆளு என் நாக்கைப் பத்திப் பேசறாரா? வரட்டும்” என்றாள். நீங்கள் வராமலிருப்பதே உடம்புக்கு நல்லது.

அடுத்த மாதம் எங்கள் ஓவியச் சங்கத்தின் மண்பாண்டச் சூளை எரியும். சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் நிஷிமுதா சாருக்கு ஒரு ஆச்சரியம் தயாராகிறது. விவரம் சொன்னால் நீங்களும் உடந்தை ஆவீர்கள்.

தகடுகள் வெளியே வந்த அன்றே எழுதுங்கள். பருவ வாழ்த்து இல்லாவிட்டாலும் மன்னிக்கிறேன்.

காத்திருக்கும்,
இபுகி


சகமிஹாரா
அக்டோபர் 8

இபுகிக்கு,

காலையில் மூச்சு வெண்மையாகத் தெரிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் நலம். அம்மா நலந்தானே?

கலம் திரும்பினால் ஒரு நிமிடத்துக்குள் கருவிகள் போய்விடும். ஆகவே திரும்பாது.

இந்த வாரம் உணவகத்தில் கறிச் சோறு மாற்றியிருக்கிறார்கள். முன்பு உருளைக்கிழங்கைப் பெரிதாக வெட்டுவார்கள், இப்போது சிறியதாக. சிறியதாக வெட்டினால் சாறு ஊறுகிறது, ஆனால் ஓரம் கரைந்துவிடுகிறது. காரட் பழைய அளவிலேயே இருக்கிறது. இரண்டும் வேகும் நேரம் வேறு என்பதால் இது புரியாத முடிவு. ஊறுகாய் முன்பு சிவப்பு, இப்போது மஞ்சள். செவ்வாயன்று கோழி, புதனன்று பன்றி, இன்று மறுபடி கோழி. சோற்றின் சூடு கறியின் சூட்டைவிடக் குறைவாக இருந்தது. தட்டை முன்கூட்டியே சூடாக்கினால் சரியாகும். சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

கணிதத்தில் கவனம் செலுத்து.
அப்பா


குருமே
அக்டோபர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

சீமைப்பலா இல்லாத ஊரில் சீமைப்பனிச்சை பழுத்திருக்கிறது. அதாவது இலையுதிர் காலம். நலம் விசாரிக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் நலமாயில்லை என்று தெரியும்.

கறியைப் பற்றிப் பதினொரு வரி. தகட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, “உங்கப்பாவுக்கு வேலை கெட்டாத்தான் சோறு கண்ணுக்குத் தெரியும். நீ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ரொட்டியைப் பத்தி அரை மணி நேரம் பேசினவரு” என்றாள். ஆக, வெள்ளை என்ன ஆயிற்று? சொல்லுங்கள். தேர்வில் பாதிக்கும் கீழே வாங்குகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லும் அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

உங்களைச் சிரிக்கவைக்க இத்துடன் ஒரு பெட்டி. திறந்ததும் பயப்படாதீர்கள். அம்மா கழித்துப்போட்ட கால் எலும்புகள் சிலவற்றை மூடியுள்ள மண்சட்டிக்குள் வைத்து, சங்கத்துச் சூளையில் மற்றப் பானைகளோடு ஏற்றிவிட்டேன். மேலே ஒரு சீட்டு: ‘சூளை ஆறக் காத்திருந்து மாண்ட மாணவி.’ நிஷிமுதா சார் சட்டியைத் திறந்தார். சீட்டைப் படித்தார், நம் குடும்பப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

“தனமாச்சி, இது உன் வேலைதானே?”

“எலும்புல என் பேரா எழுதியிருக்கு, சார்?”

“பேரு எதுக்கு? உங்க கடை வாசனை அடிக்குதே.”

ஒரு வாரம் சூளை கழுவும் தண்டனை. பரவாயில்லை. ஆனால் ஒரு விந்தை, அப்பா. வெள்ளையாக வெந்து வருமென்றுதான் நினைத்தேன், எல்லாம் கறுப்பு. காற்றில்லாமல் வெந்ததால் என்கிறார் சார். அவ்வளவு கறுப்பை நான் பார்த்ததில்லை. பார்த்தால் பார்வையே உள்ளே விழுந்துவிடும்போல. நல்லதாக ஒன்றைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறேன். காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒட்டும், கழுவிக்கொள்ளுங்கள்.

சோற்றை அல்ல, உண்மையை எழுதுங்கள்.
இபுகி


சகமிஹாரா
நவம்பர் 3

இபுகிக்கு,

மேப்பிள் இலைகள் நுனியிலிருந்து சிவக்கின்றன. உடம்புக்குக் குறையில்லை. நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

பெட்டியைத் திறந்தபோது பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விட்டார். எலும்பு காகிதங்களின் மேல் இருக்கிறது. கனம் போதுமானது.

உண்மை இது. பன்னிரண்டு தகடுகளும் தேநீர் நிறமாகிவிட்டன. வெள்ளை என்பது வெயிலைத் திருப்பி அனுப்பும். நிறம் மாறினால் விழுங்கும். முதல் வருடம் தாங்குகிற கவசம் ஏழாவது வருடம் தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்னும் தூய வெள்ளை ஒன்றைக் கலந்து, அக்டோபர் 30 மாலை புதிய பன்னிரண்டை நானே உள்ளே வைத்தேன். ஜனவரி 28 வரை அவற்றுக்கு நேரம். மார்ச் 4 அன்று பரிசீலனைக் கூட்டம். அதற்குள் தொண்ணூறு நாள் தாங்கிய பூச்சு ஒன்று கையில் இல்லாவிட்டால், ஹிகுருமாவைச் சூரியனிடம் அனுப்பமாட்டார்கள். தொலைவில் நின்று பார்க்கும் கலமாக மாற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட கலங்கள் ஏற்கெனவே உள்ளன.

புத்தாண்டுக்கு விளக்கை விட்டு வர இயலாது. அம்மாவிடம் நீ சொல். உன் வாயால் கேட்டால் திட்டு பாதியாகும்.

அப்பா


குருமே
ஜனவரி 31

அப்பாவுக்கு,

கடும் குளிர். நலமா? இம்முறை நிஜமாகக் கேட்கிறேன்.

டிசம்பரில் எழுதினேன், பதில் இல்லை. புத்தாண்டு அட்டையில் உங்கள் பெயர்கூட அச்சில் இருந்தது. ஜனவரி 28 போய் மூன்று நாளாகிவிட்டது. அன்று பள்ளி விட்டதும் ஓட்டமாக வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். அன்றைக்கே எப்படி வரும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் திறந்தேன்.

பிப்ரவரிச் சடங்குக்கு, பூதத்தின் மேல் எறிந்து விரட்டும் பயறு வாங்கிவிட்டோம். இந்த வருடமும் பூத முகமூடி போட ஆளில்லாததால் அம்மா அண்டாவைப் பார்த்து எறியப்போகிறாளாம். சூரியனுக்குப் பக்கத்தில் போகிற கலம் ஒரு வீட்டில் இருக்கிறதென்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் வராது, அப்பா. கறியைப் பற்றியாவது எழுதுங்கள்.

இபுகி


சகமிஹாரா
பிப்ரவரி 7

இபுகிக்கு,

வாசல் பிளம் மரத்தில் ஒரு பூ. நலம்.

ஏழாம் தகட்டில் அழுக்குப் பட்டிருந்தது. வைத்தவன் நான், ஆகவே பொறுப்பும் என்னுடையது. அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தேர்வுக்குப் படி.

எலும்பைத் திருப்பி அனுப்புகிறேன். பத்திரமாக வைத்திரு.

அப்பா


குருமே
பிப்ரவரி 11

திட்டத் தலைவி மினகாவா அம்மையாருக்கு,

பிளம் மணக்கும் இந்நாளில் தாங்களும் தங்கள் குழுவினர் அனைவரும் நலமென நம்புகிறேன். நான் தனமாச்சி யசுனோரியின் மகள். ஆகஸ்டில் தங்களுக்கு வந்த ‘அண்டா மூடி’ என் கைவேலை. இந்தக் கடிதம் விளையாட்டு அல்ல. மறையாத மையில் எழுதியிருக்கிறேன், விளக்கின் கீழ் வைத்துச் சரிபார்க்கலாம்.

அப்பா எனக்கு ஒரு எலும்பைத் திருப்பி அனுப்பினார். அது வாய் ஒட்டிய பையில் வந்தது. பையின் மேல் எண்ணும், ‘அழுக்கின் மூலம்’ என்ற சீட்டும் இருந்தன. சீட்டைக் கிழிக்க மறந்திருக்கிறார். உனக்குத் தொடர்பில்லை என்று எழுதிவிட்டு, தொடர்பை உறையில் போட்டு அனுப்பும் ஒரே மனிதர் என் அப்பாதான்.

அந்த எலும்பைச் சுட்டவள் நான். அனுப்பியவள் நான். கையில் ஒட்டுமென்று தெரிந்தே அனுப்பியவளும் நான். தொண்ணூறு நாள் சோதனை என்னால் கெட்டிருந்தால் தண்டனை எனக்கே வர வேண்டும். அப்பாவைத் திட்டத்திலிருந்து விலக்காதீர்கள். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. சமையல்கூடத் தெரியாது.

தாழ்ந்து வணங்கி,
தனமாச்சி இபுகி


சகமிஹாரா
பிப்ரவரி 19

இபுகிக்கு,

பனி இரு முறை பெய்து இரு முறையும் மனம் மாறிவிட்டது. இங்கே நாற்பத்து மூவரும் நலம். நீ சிறியவள் என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தை விளக்கின் கீழ் வைத்தேன். எழுத்து நின்றது.

முதலில் ஒன்று. உன் அப்பாவை யாரும் விலக்கவில்லை. எங்களிடம் தவறு நடந்தால் ‘யார்’ என்று கேட்கமாட்டோம். ‘ஏன்’ என்று கேட்போம், ஐந்து முறை, ஒவ்வொரு பதிலுக்கும் கீழே அடுத்த ஏன். நேரே திட்டிவிட்டால் தேவலை என்பார்கள் பலர்.

இரண்டாவது, நீ உட்கார்ந்துகொண்டு படி. பன்னிரண்டு தகடுகளும் மறுபடி தேநீராகிவிட்டன. ஆனால் ஏழாம் தகட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தடம். கரி. கையுறையை இழுத்து மாட்டும்போது விரலிலிருந்து உறைக்கும், உறையிலிருந்து தகட்டுக்கும் போயிருக்கிறது. அளந்து பார்த்தோம். முதல் நாள் படத்தில் எவ்வளவு கறுப்போ, தொண்ணூறாம் நாளும் அவ்வளவே. வெயிலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை, இபுகி. வெளுக்கவும் இல்லை, உரியவும் இல்லை.

கறுப்புச் சூடாகும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே இத்தனை வருடமாக எங்களில் ஒருவரும் கறுப்பை உள்ளே வைத்துப் பார்க்கவில்லை. வெள்ளைக்குள் இன்னும் வெள்ளை தேடினோம். கறுப்பு அறுநூறு டிகிரிவரை போகும், உண்மைதான். ஆனால் முதல் நாளும் அறுநூறு, ஏழாவது வருடமும் அறுநூறு. கொதிப்பது கவலையில்லை, எவ்வளவு கொதிக்கும் என்று தெரிந்தால் அதற்கேற்பக் கட்டிவிடலாம். உன் அப்பா மூன்று இரவில் கவசத்தை மறுபடி வரைந்துவிட்டார். முகப்பில் எலும்புக் கரி தேய்த்த உலோகத் தகடு, அதன் பின்னால் சூடு பக்கவாட்டில் ஓடிப்போக ஓர் இடைவெளி. முப்பது வருடத்தில் நான் பார்த்த மிக அழகான படம்.

ஆனால் எங்கள் கையில் தொண்ணூறு நாள் கண்ட கறுப்பு அந்த ஒரு தடம் மட்டுமே. அறிக்கை முடியாதவரை ஏழாம் தகடு குப்பை, சான்று அல்ல. இது நான் வைத்த விதி, நானே மீற முடியாது. உன் அப்பா நான்கு ஏன்களுக்குப் பதில் எழுதிவிட்டார். ஐந்தாவது கட்டம் காலி. ‘தினமும் மூன்று நாற்பதுக்கு அந்த எலும்பை ஏன் கையில் எடுத்தீர்?’ மூன்று முறை கேட்டுவிட்டேன். “குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லைங்க” என்கிறார், காது சிவக்க. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய அறிக்கையில் நான் முத்திரை இடமாட்டேன்.

மார்ச் 4 நெருங்குகிறது. உனக்குத் தெரியுமா, ஏன்?

மினகாவா


குருமே
பிப்ரவரி 22

அப்பா,

பருவ வாழ்த்து இல்லை. அவசரத்துக்குப் பருவம் கிடையாது.

எல்லாம் தெரியும். மினகாவா அம்மையார் எழுதிவிட்டார். அந்த விரல் தடத்தைப் பற்றிப் படித்துவிட்டுக் கடை நடுவே குதித்தேன், இரண்டு கிண்ணம் உடைந்தது. என் எலும்பு, உங்கள் விரல், அது சூரியனையே முறைத்துப் பார்த்து நின்றிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு கட்டத்தை நிரப்பாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, நியாயமா?

உதவிக்குச் சில பதில்கள்: கை குளிர்ந்தது. பக்கத்து மேசைக்காரரைப் பயமுறுத்த. எலும்பைத் தொட்டால் பசி எடுக்கும். சூப் வாசனை. எதுவும் ஆகாதென்று எனக்கே தெரிகிறது. பொய் எழுதினால் ஆறாவது ஏன் வரும்.

அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அகப்பையை வைத்தாள். அகப்பையை அவள் கீழே வைப்பது அபூர்வம். “ஏன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

“சொல்லேம்மா.”

“நான் சொன்னா அது என் பதிலாயிடும். அவரே எழுதட்டும். கல்யாணத்துக்குக் கேக்கறதுக்கே ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்ட மனுஷன்டி.”

அப்பா, உங்களுக்கு இரண்டு வருடம் இல்லை, பத்து நாள்தான். நாற்பத்து மூன்று பேர் படிப்பார்கள் என்று கூச்சமா? அவர்கள் ஏற்கெனவே உங்கள் அண்டா மூடியைப் படித்தவர்கள். அதற்கு மேல் போக என்ன மானம் இருக்கிறது? எழுதுங்கள். ஹிகுருமா தொலைவில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது.

இபுகி


குருமே
மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

பள்ளி மதிலோரம் செர்ரி மொட்டுகள் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்திருக்கின்றன. நான் நலம், அம்மா மிக நலம், அண்டா கொதிநலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் போன் பத்திரமாக வந்தது. நான் தேர்வில் தேறிய செய்தியை அதிலேயே தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் ‘அப்பா’ என்று தட்டினால் அது தானாகவே ‘முதலில் பருவ வாழ்த்து’ என்று மாறுகிறது. எங்கே கற்றீர்கள் இதை? அதனால்தான் இன்னமும் கையால் எழுதுகிறேன். விரல் வலிக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

கூடவே வந்த உறையைக் கடை மேசையில் கிழித்தேன். உள்ளே வெற்றுத் தாள். கீழ் மூலையில் மட்டும் சிவப்பாக மினகாவா அம்மையாரின் முத்திரை. எனக்கு உயிரே போய்விட்டது. கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டீர்கள், கூட்டம் கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மா தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

“என்னடி இது, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு?”

அவ்வளவுதான். நான் உறைபெட்டிக்கு ஓடினேன். கொழுக்கட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தாளைச் செருகிவிட்டு, கதவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தேன். “தொறந்து தொறந்து பாத்தா எப்படிடி குளிரும்? சாவியை இப்படிக் குடு” என்றாள் அம்மா. பிறகு அவளே இரண்டு முறை திறந்தாள். ராமென் கேட்டு உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், “உள்ள யாருங்க, குழந்தையா?” என்று கேட்டார்.

முக்கால் மணி நேரத்தில் எழுத்து வந்தது, பனி படிந்தாற்போல, முதலில் சாம்பலாக, பிறகு கறுப்பாக. நீங்கள் எழுதியதை நீங்களே மறுக்காதிருக்க இங்கே அப்படியே படியெடுக்கிறேன்:

‘தேறியது. கறுப்பு. ஐந்தில் ஒரு பங்கு தூரம்வரை.

அறிக்கையின் நகல் உனக்காக:

ஏன் தகட்டில் கரி பட்டது? கையுறையில் கரி இருந்தது.
ஏன் கையுறையில்? அதை மாட்டிய விரலில் இருந்தது.
ஏன் விரலில்? சற்று முன் எலும்புக் கரியைப் பிடித்திருந்தேன்.
ஏன் சற்று முன்? அதைத் தினமும் மூன்று நாற்பதுக்குப் பிடிப்பது வழக்கம்.
ஏன் தினமும் மூன்று நாற்பதுக்கு? குருமேயில் என் மகளுக்குப் பள்ளி விடும் நேரம் அது. வீட்டில் இருந்தால் கதவைப் படாரென்று திறந்து, செருப்பைக் கழற்றும் முன்பே ஏதாவது கத்துவாள். இங்கே கதவுகள் ஓசையில்லாமல் திறக்கின்றன.

கூட்டத்தில் மினகாவா அம்மையார் இதை உரக்கப் படித்தார். நாற்பத்து மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார். அப்புறம்தான் ஏழாம் தகட்டை மேசைக்கு வரவழைத்தார்கள்.

மீண்டும் நிகழாதிருக்க நடவடிக்கை: மாதம் ஒரு முறை, வெள்ளி மாலை புறப்பட்டு, வீட்டுக்குப் போய் வருதல். இம்மாதம் 27 முதல்.

ஒப்புதல்:’

ஒப்புதலுக்குக் கீழேதான் அந்தச் சிவப்பு முத்திரை. அதுமட்டும் சூட்டுக்கு மறையாத மை. அம்மையாரும் கூட்டுக் களவாணி என்று இப்போது தெரிகிறது.

அம்மா படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். லாரிக்காரருக்கு அவர் கேட்காமலே இரண்டு துண்டு இறைச்சி கூடுதலாக வைத்தாள். தாள் இப்போதும் உறைபெட்டியில்தான் இருக்கிறது. வெளியே எடுத்தாலும் மறையாது என்று உங்கள் தொழில் எனக்கும் தெரியும், ஆனாலும் அங்கேயே இருக்கட்டும்.

இன்னும் நான்கு வருடத்தில் ஹிகுருமா கிளம்பும்போது எனக்குப் பத்தொன்பது. முகத்தில் எலும்புக் கரி பூசிக்கொண்டு ஒரு கலம் சூரியனிடம் போய், “எட்டிப் பாக்க வந்தேன்” என்று சொல்லப்போகிறது. நினைத்தால் இப்போதே கால் தரையில் நிற்கவில்லை.

ஆகவே 27 அன்று வாருங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. கதவைப் படாரென்று திறப்பது எனக்கு மட்டுமே உரிய உரிமை, நீங்கள் மெதுவாகத் திறக்கவும். மேல் சட்டத்தில் பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய கரும்பலகைத் துடைப்பான் ஒன்று இருக்கும், சுண்ணப்பொடி நிறைய. சுத்தமான வெள்ளை. தொண்ணூறு நாளில் நிறம் மாறுகிறதா என்று உங்கள் தலையிலேயே பார்த்துவிடுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள், வெயில் படுகிற பக்கம்.

இபுகி